ஆறு நிமிட வெளிச்சம்

ஜூன் 9, திங்கள்

இன்று என் பெயரை ஒன்பது முறை எழுதினேன்.

ஆஸ்பத்திரியின் புண் பிரிவில் என்னைச் சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒன்பது பக்கம். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. சு. பொன்னுலிங்கம். முதல் பக்கத்தில் எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. ஒன்பதாவது பக்கத்துக்கு வந்தபோது எல்லா எழுத்துகளும் கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. அறுபத்தெட்டு வயதுவரை எந்தக் காகிதத்திலும் என் பெருவிரல்தான் இருந்தது. போன வருடம் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றது முதல், கையெழுத்துப் போட ஒரு காகிதம் கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தேன். ஒரே நாளில் ஒன்பது.

சிஸ்டர் ஜெபராணி சின்னப் பெண். “தாத்தா, நான் வாசிச்சுச் சொல்லட்டுமா? சாட்சிக்கு ஒருத்தரக் கூப்பிட்டுக்கிடுதேன்” என்றாள். கைநாட்டு வைப்பவர்களுக்கு அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு எழுத்துத் தெரியும் என்று சொன்னேன். டாக்டர் பெனாசிர் வந்து, படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். முதல் வரியைப் படித்திருந்தேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். ஒரு நகல் என்னிடமே இருக்கிறது. மெதுவாகப் படித்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். சர்க்கரையில் என் கால்கள் மரத்துப் போய்விட்டன. செருப்பில் ஏறிய ஆணியோடு இரண்டு நாள் நடந்திருக்கிறேன், தெரியவில்லை. வலது பாதத்தின் அடியில், சுண்டுவிரலுக்குக் கீழே புண். மூன்று மாதமாக ஆறவில்லை. இங்கே ஒரு புது வைத்தியத்தை ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆறு வாரம். அதற்குள் புண் பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார். நிதானமாகச் சொன்னார். நானும் நிதானமாகக் கேட்டுக்கொண்டேன்.

இதை எழுத மதியம் முழுதும் ஆகிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

வைத்தியம் இரண்டு பங்கு. முதல் பங்கு ஒரு ஜெல் வில்லை. உரித்த நுங்கு போலவே இருக்கிறது. அதே வழுவழுப்பு, அதே கண்ணாடி நிறம். புண்ணின் மேல் அதை வைத்து, மேலே துணி சுற்றிக் கட்டுகிறார்கள். இரண்டாவது பங்கு வெளிச்சம். காலை பத்து மணிக்குத் தள்ளு நாற்காலியில் ஓர் அறைக்குக் கொண்டுபோகிறார்கள். கட்டை அவிழ்த்து, காலை ஒரு பெட்டிக்குள் விட வேண்டும். உள்ளே சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாள் ஜெபராணி. சரியாக ஆறு நிமிடம். பெட்டி கூவியதும் கால் வெளியே.

சூடே இல்லை. சூடு இல்லாத வெளிச்சத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவள் சொன்ன கட்டளைகள்: கட்டு நனையக் கூடாது. காலைத் தரையில் ஊன்றக் கூடாது. இரண்டே இரண்டு. செய்துவிடலாம்.

ஜூன் 11, புதன்

வார்டில் மின்விசிறி எட்டு. ஓடுவது ஆறு.

ஜூன் 12, வியாழன்

பகலில் படுத்துப் பழக்கமில்லை. நாற்பத்தைந்து வருடம் உப்பளத்தில் வேலை. பருவம் தொடங்குமுன் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவோம். பிறகு தண்ணீர் விடுவோம், பிறகு உப்பு வாருவோம். உட்கார்ந்து செய்யும் வேலை அங்கே கிடையாது. இங்கே படுத்தே இருக்க வேண்டும். படுக்கை விரிப்பைச் சரிசெய்தேன். மறுபடி சரிசெய்தேன். தள்ளு நாற்காலியில் ஏறி வாசல்வரை போனேன். திரும்பினேன். மறுபடி போனேன்.

பக்கத்துக் கட்டிலில் ஞானதிரவியம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த இடம் இன்னும் மூடவில்லை. அவரும் ஆராய்ச்சியில் இருக்கிறார், ஆனால் அவர் பிரிவுக்கு ஜெல் மட்டும். இரண்டு பிரிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். “எனக்கு நுங்கு மட்டும். ஒமக்கு நுங்கும் சினிமாவும்” என்கிறார். நான் பத்தாவது முறை வாசலுக்குப் போய் வந்தபோது, “வே அண்ணாச்சி, இது என்ன டவுன் பஸ்ஸா? ஏற ஆளே இல்ல, சும்மா போய்ட்டுப் போய்ட்டு வாரேரு” என்றார்.

அவருடைய இடது பக்கம் போர்வை தட்டையாக இருக்கும். அந்தப் பக்கம் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

படிவத்தைப் படிக்க ஆரம்பித்தேன். ‘பங்கேற்பாளருக்கான தகவல் தாள்.’ பங்கேற்பாளர் என்ற வார்த்தையை நான்கு துண்டாக்கிப் படித்தேன். அது நான்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. அரைப் பக்கம் முடிந்தது.

ஜூன் 14, சனி

என் மனைவி இசக்கியம்மாள் வந்தாள். இரண்டு பஸ் மாறி வருகிறாள். கேப்பைக் களியும் கீரையும் கொண்டுவந்தாள். கட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ஈரமாக வைத்துக் கட்டினால் எப்படி ஆறும் என்று கேட்டாள். அவளும் என்னோடு அதே அளத்தில் முப்பது வருடம் உப்புச் சுமந்தவள். எனக்கும் அதே கேள்விதான், ஆனால் டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

போகும்போது நோட்டைப் பார்த்தாள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். உன்னைத்தான் எழுதுகிறேன் என்றேன். நல்லதாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 16, திங்கள்

அளவு எடுத்தார்கள். கண்ணாடிக் காகிதம் ஒன்றைப் புண்ணின் மேல் வைத்துப் பேனாவால் ஓரத்தை வரைகிறாள் ஜெபராணி. குளத்தின் வரைபடம் போல வருகிறது. சேர்ந்த அன்று நீளம் 42, அகலம் 31. இன்று 39, 29. எல்லாம் மில்லிமீட்டர். எண்களை நானே வாசித்தேன். ஜெபராணிக்கு என்னைவிடச் சந்தோஷம். ஞானதிரவியத்துக்கும் போய்ச் சொன்னாள்.

ஆனால் ஒரு வாரத்துக்கு மூன்று மில்லிமீட்டர். இப்படிப் போனால் ஆறு வாரத்தில் பாதி ஆகுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூரமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று முழுவதும் ஒரே யோசனை.

அளத்தில் தண்ணீர் தண்ணீராக இருக்கும்வரை ஒன்றுமில்லை. வெயில்தான் அதை உப்பாக்குகிறது. ஒரு நாள் மேகம் மூடினால் ஒரு நாள் வீண். ஈரம் என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இது எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும்.

இவர்கள் வெளிச்சத்தால் ஆறும் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு நிமிடம்? வெளிச்சம் நல்லது என்றால் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? வெளியே ஆனி வெயில் யாருக்கும் பயனில்லாமல் கொட்டிக்கிடக்கிறது.

வார்டுக்குப் பின்னால் ஒரு வராந்தா இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே யாரும் போவதில்லை.

ஜூன் 18, புதன்

பின் வராந்தாவில் அரை மணி நேரம் காற்றாட உட்கார்ந்தேன். கால் ஊன்றவில்லை. கட்டு நனையவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றும் உட்கார்ந்தேன். வராந்தாவின் கைப்பிடிச் சுவர் காலை நீட்டி வைக்கத் தோதான உயரம். வெயில் நேராக விழுகிறது. தோளில் பட்டால் சுளீர் என்கிறது. கால் ஒன்றும் சொல்லவில்லை.

படிவம் மூன்றாம் பக்கம். ‘இவ்வாய்வினால் தங்களுக்கு ஏற்படக்கூடிய நன்மைகள்.’ நான்கு வரிதான் இருக்கிறது.

ஜூன் 21, சனி

இசக்கியிடம் மட்டும் சொன்னேன். துணியை அவிழ்த்து, நுங்கைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அரை மணி நேரம் வெயில் காட்டுகிறேன். பிறகு இருந்தபடியே வைத்துச் சுற்றிவிடுகிறேன் என்று. எதுவும் தெரியாது, அவ்வளவு அழகாகச் சுற்றுகிறேன். உப்பு மூட்டை கட்டிய கை. அவள், அப்படித்தான் செய்ய வேண்டும், நான் முதலிலேயே சொன்னேனே என்றாள். புண்ணின் ஓரம் கொஞ்சம் காய்ந்த மாதிரி தெரிகிறது. இரண்டு பேருக்கும் மனம் லேசானது.

ஜூன் 23, திங்கள்

40, 30.

கூடியிருக்கிறது. ஜெபராணி இரண்டு முறை வரைந்து பார்த்தாள். ஜெல் வில்லை ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி கிடந்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று நாள் ஈரம் தாங்க வேண்டியது ஒரே நாளில் ஏன் காய்கிறது என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெயில் போதவில்லை என்று நினைக்கிறேன். நாளை முதல் முக்கால் மணி நேரம்.

ஜூன் 25, புதன்

ஞானதிரவியம் இன்று ரேடியோவைப் போடவில்லை. இல்லாத இடது பாதம் காலையில் அரித்ததாம், சொரியக் கையை நீட்டிவிட்டாராம். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாசலுக்கும் கட்டிலுக்குமாகப் பதினான்கு முறை போய் வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

மதியம் வழக்கம்போல வராந்தா. மாலையில் கட்டு மாற்ற வந்த ஜெபராணி அவிழ்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். குதிகாலிலும் பாதத்தின் ஓரத்திலும் பெரிய கொப்புளம். புளியங்கொட்டை அளவில் ஒன்று, அதைவிடப் பெரிதாக ஒன்று. எனக்கு எதுவும் தெரியவில்லை. வலித்திருந்தால் தெரிந்திருக்கும்.

டாக்டர் பெனாசிரைக் கூப்பிட்டார்கள். இது தீக்காயம் என்றார் டாக்டர். பெட்டியில் இருந்த நேரம் எவ்வளவு என்று ஜெபராணியிடம் கேட்டார். ஆறு நிமிடம் என்றாள். உறுதியாகவா? உறுதியாக. அவள் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

ஜூன் 27, வெள்ளி

காலையில் பெட்டியைச் சோதித்தார்கள். பெட்டியில் கோளாறு இல்லை. அப்படியானால் ஆள்தான். கால் உள்ளே இருக்கும்போது அவள் வேறு வேலைக்குப் போயிருப்பாள், இரண்டு முறை ஓடவிட்டிருப்பாள் என்று மூத்த சிஸ்டர் ஒருவர் மற்றவரிடம் சொல்வது கேட்டது. எல்லோருக்கும் வெளிச்ச வைத்தியத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மதியம் வராந்தாவுக்குப் போனேன். காலை நீட்டவில்லை. கைப்பிடிச் சுவரின் சிமெண்டில் உள்ளங்கையை வைத்தேன்.

எடுத்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

ஜெபராணியை வெளிச்ச அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்களாம். ஞானதிரவியத்துக்கு வார்டில் நடப்பதெல்லாம் தெரிந்துவிடும். அவள் ஒப்பந்த நர்ஸ். கடிதம் திருப்தியாக இல்லையென்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றார்.

மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். கிழித்தாள். மறுபடி எழுதினாள். மூன்று தாள் கிழித்ததை என் கட்டிலிலிருந்து பார்த்தேன். படித்த பிள்ளை. அவளுக்கே எழுத வரவில்லை. செய்யாத ஒன்றை எப்படி விளக்கி எழுதுவது?

இன்று இசக்கி வரவில்லை, பஸ் இல்லை. நல்லதுதான்.

ஜூன் 30, திங்கள்

வேறு சிஸ்டர் அளந்தார். 43, 33. சேர்ந்த நாளைவிட அதிகம். கொப்புளம் உடைந்து தனிப் புண்ணாகிவிட்டது.

படிவம் ஆறாம் பக்கம். இன்று படித்த வரிகளை இங்கே பார்த்து எழுதுகிறேன்.

‘கட்டினை நானாக அவிழ்க்கமாட்டேன். ஆய்வில் வழங்கப்படும் ஒளியைத் தவிர வெயில் உள்ளிட்ட வேறு எந்த ஒளியிலோ வெப்பத்திலோ பாதத்தைக் காட்டமாட்டேன்.’

அதற்கு அடியில் சு. பொன்னுலிங்கம். அழகாக எழுதியிருக்கிறேன்.

பக்கத்தைத் திருப்பினேன். ஏழாம் பக்கம். ‘மேற்கண்ட நிபந்தனைகளை மீறும் பங்கேற்பாளர் ஆய்விலிருந்து விலக்கப்படுவார். அவருக்கு ஒளிச் சிகிச்சை தொடரப்படமாட்டாது.’ அதற்கு அடியிலும் நான்தான்.

கைநாட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே வாசித்துச் சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 2, புதன்

இசக்கி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். நான் ஒரு பக்கத்தைத் தட்டாமல் தடுமாறாமல் வாசித்து அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. எவ்வளவோ நாள் ஆசைப்பட்டது. இப்படி அமைந்தது.

என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யார்ட்டயும் சொல்லாதிய” என்றாள். “சொன்னா மறுபடி வெளிச்சம் காட்ட மாட்டாவ.”

அந்தப் பிள்ளைக்கு வேலை போய்விடுமே என்றேன்.

“அந்தப் புள்ளைக்கு வேற வேல கெடைக்கும். ஒங்களுக்கு வேற காலு கெடைக்குமா?”

தூக்குச்சட்டியை மூடினாள், திறந்தாள், மூடினாள். வெயில் காட்டச் சொன்னது நானும்தானே என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பஸ்ஸுக்கு நேரமிருந்தும் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

வாசலுக்கும் கட்டிலுக்கும் எத்தனை முறை போனேன் என்று எண்ணவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலையில் ஜெபராணி ஊசி போட வந்தாள். இப்போது அவளுக்கு ஊசியும் மாத்திரையும் மட்டும்தான். “சாப்பிட்டியளா தாத்தா” என்று கேட்டாள். என் காலைப் பார்க்கவில்லை. தான் சுட்டுவிட்ட கால் என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாளோ என்று தோன்றியது. சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்தேன். எழுத ஆரம்பித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு நாளில் எழுதி முடித்தது இது.

‘டாக்டர் அம்மாவுக்கு, சு. பொன்னுலிங்கம் எழுதுவது. என் காலில் வந்த கொப்புளம் சிவப்பு விளக்கால் வந்தது அல்ல. சிஸ்டர் ஜெபராணி ஒரு நாளும் ஆறு நிமிடத்துக்கு மேல் வைக்கவில்லை. பெட்டி கூவும்வரை என் பக்கத்திலேயே நிற்பாள். ஜூன் 18 முதல் 26 வரை மதியத்தில் நான் பின் வராந்தாவில் கட்டை அவிழ்த்து வெயில் காட்டினேன். சுவர் சுட்டது எனக்குத் தெரியவில்லை. அதிக வெளிச்சம் அதிக நன்மை என்று நினைத்தேன். படிவத்தைப் படிக்காமலே படித்தேன் என்றேன். இப்போது படித்துவிட்டேன். ஏழாம் பக்கத்தையும் படித்துவிட்டேன். இப்படிக்கு.’

கையெழுத்து இந்த முறை கோணலாகத்தான் விழுந்தது. வேறு தாளில் மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். மாற்றி எழுத உட்கார்ந்தால் கொடுக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் இரண்டு முறை வாசித்தார். “இத நீங்களே எழுதுனீங்களா?” என்று கேட்டார்.

நானேதான் என்றேன். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மறைத்துக்கொண்டேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “எட்டு நாளா ஒரு பொண்ணு தலைகுனிஞ்சு நடக்குது, ஐயா. நானும் அவளத்தான் சந்தேகப்பட்டேன்” என்றார். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு எனக்கு ஒரு விஷயம் சொன்னார். புண் உப்பு இல்லையாம். புதுத்தோல் ஓரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து மூடுமாம். அது நகர ஈரம் வேண்டும். காய்ந்துபோன இடத்தில் தோலுக்குப் பாதை கிடையாது. அந்த ஈரத்துக்காகத்தான் ஜெல். வெளிச்சமும் மருந்து மாதிரிதான், அளவுக்கு மேல் போனால் உதவாது.

இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத்தான் நேரமில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெல் கட்டு மட்டும் வழக்கமான வைத்தியமாகத் தொடரும். வெளிச்சம் இனி இல்லை.

ஜூலை 5, சனி

இசக்கியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். களியை உருண்டை பிடித்துக் கையில் கொடுத்தாள். “தின்னுங்க” என்றாள். அவ்வளவுதான்.

ஞானதிரவியம் நாள் முழுக்க அடக்கிவைத்திருந்து மாலையில் சொன்னார்: “வே, சினிமாவுல இருந்து பாதியில எழுப்பி விட்டுட்டாவளா? வாரும், எங்க கூட வெறும் நுங்கு தின்னும்.”

ஜூலை 7, திங்கள்

ஜெபராணி திரும்பிவிட்டாள். இன்று அவள்தான் கட்டு மாற்றினாள். 42, 32. நான் மன்னிப்புக் கேட்டேன். ஜெல்லை வைத்தாள், துணி சுற்றினாள், கத்தரியால் வெட்டினாள், ஒட்டினாள். எழுந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“எங்க அம்மாட்ட நான் சொல்லவே இல்ல தாத்தா. தெனமும் வெளிச்ச ரூமுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

நான் தலைகுனிந்திருந்தேன். அவள் போய்விட்டாள். ஒரு கடிதத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

கட்டிலை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். காலுக்குள் தோல் நகர்வதாக நினைத்துக்கொள்கிறேன். நண்டுக்குஞ்சு ஊர்வதைப் போல. அதை மிரட்டக் கூடாது.

ஜூலை 14, திங்கள்

37, 27. டாக்டர் என் தோளைத் தட்டினார்.

வராந்தாக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஞானதிரவியம் அதற்கு என் பெயரை வைத்துவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

ஆறு வாரம் முடிந்தது. 31, 22.

பேனாவை வாங்கி நானே பெருக்கினேன். சேர்ந்த அன்று 42 பெருக்கல் 31, ஆயிரத்து முந்நூற்றிரண்டு. அதில் பாதி அறுநூற்று ஐம்பத்தொன்று. இன்று 31 பெருக்கல் 22, அறுநூற்று எண்பத்திரண்டு. முப்பத்தொன்று அதிகம். மறுபடி பெருக்கினேன். அதே முப்பத்தொன்று.

நான் வெயில் காட்டிய நாட்கள் ஒன்பது.

டாக்டர் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, பாதி என்பது எங்களுக்கு ஒரு குறிப்புத்தான், புண் மூடிவருகிறது, அதுதான் முக்கியம் என்றார். ஆனால் படம் எடுத்துப் பார்த்ததில் சுண்டுவிரல் எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது. அந்த விரலை எடுத்தாக வேண்டும். சீழ் ஆணி ஏறிய நாளிலிருந்து உள்ளே இருந்திருக்கலாம், என் வெயிலாலும் இருக்கலாம். எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

ஜூலை 23, புதன்

இன்று எனக்கு மறுபடியும் ஒரு படிவம் வந்தது. அறுவை சிகிச்சைக்கு. மூன்று பக்கம். கொண்டுவந்தவள் ஜெபராணி. ஆபரேஷன் அறையிலிருந்து சீக்கிரம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

“நீ வாசி தாயி. நான் வெரல வச்சுக்கிட்டே கூட வாரேன்.”

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இசக்கி கட்டிலின் மறுபக்கம். ஞானதிரவியம் ரேடியோவை அணைத்தார். ஜெபராணி வாசித்தாள், நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் விரலை நகர்த்தினேன். அவள் எனக்காக மெதுவாகத்தான் வாசித்தாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவள் குரல் ஓரிடத்தில் தாண்டிப் போனது. என் விரல் போகவில்லை.

“ஒரு வரிய விட்டுட்டியே” என்றேன்.

அவள் இசக்கியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்போதுதான் அவள் தெரிந்தே விட்டிருக்கிறாள் என்று புரிந்தது. அந்த வரியை நானே வாசித்தேன். சத்தமாக.

‘அறுவையின்போது தொற்று பரவியிருப்பது தெரியவந்தால், பாதத்தின் கூடுதல் பகுதியையும் அகற்ற நேரிடலாம் என்பதை அறிவேன்.’

இசக்கி என் இடது காலைப் பிடித்துக்கொண்டாள். நல்ல காலை. வார்டில் ஆறு மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும்.

“இப்பம் பேனாவக் குடு” என்றேன்.

ஜெபராணி பேனாவைக் கொடுத்துவிட்டு, “ஒங்கள ஏமாத்த முடியாது போல தாத்தா” என்றாள். ஜூன் 26-க்குப் பிறகு அவள் பல் தெரிய நான் பார்த்தது இன்றுதான்.

பெயரை ஒரே ஒரு முறை எழுதினேன். அவசரமில்லாமல்.

ஜூலை 26, சனி

நேற்று ஆபரேஷன். இன்றுதான் உட்கார விட்டார்கள். கட்டு மாற்றும்போது குனிந்து பார்த்தேன். ஜெபராணி பார்க்க வேண்டாம் என்றாள். பார்த்து எண்ணினேன். நான்கு.

சுண்டுவிரல் மட்டும்தான். பாதம் இருக்கிறது. இசக்கியும் எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதம் முதியோர் வகுப்பில் அவளும் சேரப் போகிறாளாம். இவருக்கு வரும் காகிதங்களை நான்தான் முதலில் படிக்க வேண்டும் என்று ஞானதிரவியத்திடம் சொல்லியிருக்கிறாள்.

மதியம். வெளியே நல்ல வெயில். புண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

இருக்கட்டும்.